வாசலில் அசைவு, மேசையில் அமைதி: மைக்ரோபிட் ரேடியோ எச்சரிக்கையில் பிழை நீக்கும் வழிமுறை

வாசல் பக்கம் ஒரு மைக்ரோபிட் போர்டு, அதாவது நிரல் எழுதி இயக்கும் சிறு கணினி அட்டை, இருக்கிறது. அதன் விளிம்பிலுள்ள பி1 என்ற இணைப்பு வளையத்தில் ஏஎம்312 என்னும் சிறிய அசைவு சென்சாரின் வெளியீட்டு வயர் மாட்டப்பட்டிருக்கிறது. சென்சாருக்கு வேண்டிய மின்சாரம் அதே போர்டின் 3வி, ஜிஎன்டி (மின்சுற்றின் பொதுத் தரை) வளையங்களிலிருந்து போகிறது. உள்ளே மேசைமேல் இருக்கும் இரண்டாவது மைக்ரோபிட், வாசலில் ஆள் நடமாடினால் ஒலியெழுப்ப வேண்டும். நடுவில் வைஃபை ரவுட்டரோ இணையமோ கிடையாது. இரு போர்டுகளும் தங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. நிரல் மேக்கோட் என்னும் நிரலாக்கத் தளத்தின் பிளாக்குகளில் இருக்கலாம், மைக்ரோபைத்தான் மொழியில் எழுதியதாகவும் இருக்கலாம். இந்த அமைப்பில் என்னென்ன கெடும், கெட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

எச்சரிக்கை வரவில்லை என்றதும் நம் கை முதலில் ரேடியோ அமைப்புகளைத்தான் தேடிப் போகும். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது எளிது. ஆனால் நான் சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை ரேடியோ வரைக்கும் போகவே இல்லை. சென்சாருக்குப் போகும் மின்சாரத்திலோ, பெறும் போர்டின் நிரல் ஒரு செய்தியை வாங்கி அதைப் பார்க்காமலே கீழே போட்டுவிடுவதிலோதான் அவை இருந்தன. ஆகவே ரேடியோவின் குழு எண்ணையும் (இது ஒத்திருக்கும் போர்டுகளே ஒன்றையொன்று கேட்கும்) அனுப்பும் திறனையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன்பு, எச்சரிக்கை எந்த இடம்வரை வந்து நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதற்குப் போர்டுகளின் முகப்பு விளக்குத் திரையில் மூன்று புள்ளிகள் போதும். அனுப்பும் போர்டில், சென்சார் வயரில் மின்னழுத்தம் உயர்ந்திருக்கும் வரை நடுப்புள்ளி எரியட்டும். அதே போர்டில், செய்தியை அனுப்பும் கட்டளை ஓடிய ஒவ்வொரு முறையும் மேல் மூலைப்புள்ளி ஒன்று நிலை மாறட்டும்; எரிந்துகொண்டிருந்தால் அணைய வேண்டும், அணைந்திருந்தால் எரிய வேண்டும். பெறும் போர்டில், வந்த செய்தி என்னவென்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்பாகவே, ஏதோ ஒன்று வந்தது என்பதற்காக மட்டும் ஒரு மூலைப்புள்ளி நிலை மாறட்டும். எழுத்துகளை ஓடவிட வேண்டாம், தனிப்புள்ளி மட்டும் போதும்; ஓடும் எழுத்துகளே ஒரு பழுதுக்குக் காரணமாவதைப் பின்னால் பார்ப்போம். இனி சென்சாரின் முன்னால் ஒருவர் குறுக்கே நடந்தால், மூன்றில் எந்தப் புள்ளி அசையவில்லையோ அதுவே நீங்கள் படிக்க வேண்டிய பகுதியைச் சொல்லிவிடும்.

அனுப்பும் போர்டில் நடுப்புள்ளியே எரியவில்லை

இங்கே ரேடியோவுக்கு எந்த வேலையும் இல்லை. முதலில் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். இவ்வகை சென்சார்கள் மின்சாரம் கொடுத்தவுடன் அறையின் வெப்பநிலைக்குப் பழகிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அவை ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம், தாமாகவே ஓரிரு முறை உளறவும் செய்யலாம். அப்போது அதன் எதிரில் நின்றுகொண்டு கையை ஆட்டிப் பார்ப்பதால் பயனில்லை.

பிறகு வயர்களைப் பாருங்கள். சென்சாரின் மூன்று கால்களில் எது எதுவென்று போர்டின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டுமே நம்ப வேண்டும். இணையத்தில் கிடைத்த வேறொரு சென்சாரின் படத்தை நம்பக் கூடாது, ஏனென்றால் கால்களின் வரிசை ஒரு தயாரிப்புக்கும் மற்றொன்றுக்கும் மாறுகிறது. மைக்ரோபிட் பக்கத்தில் குரோக்கடைல் கிளிப் சற்றே சாய்ந்திருந்தால், வளையத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையையும் அது சேர்த்துக் கடித்துக்கொள்ளும். கிளிப்பைப் பக்கவாட்டில் மாட்டாமல் போர்டுக்குச் செங்குத்தாக, வளையத்தின் துளைக்குள் ஒரு தாடை நுழையும்படி மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

வயர்களும் சரியென்றால், நடந்து பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். இந்த சென்சாருக்குள் அகச்சிவப்புக் கதிரை உணரும் இரண்டு துண்டுகள் அருகருகே உள்ளன. ஒரு துண்டுக்கும் மற்றதற்கும் கிடைக்கும் வெப்பம் வேறுபடும்போதுதான் அது அசைவென்று சொல்கிறது. எனவே குறுக்கே நடப்பவரை உடனே கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் கண்டுகொள்ளும். ஏஎம்312 மூன்று முதல் ஐந்து மீட்டர் வரைதான் பார்க்கும். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கிவிட்டால் வேறுபாடு குறைந்து இந்தத் தூரமும் சுருங்கும். சாதாரணக் கண்ணாடி, உடலிலிருந்து வரும் நீண்ட அலைநீள அகச்சிவப்பைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலுக்கு உள்ளே சென்சாரை வைத்து வெளியே நடப்பவரைப் பிடிக்க முடியாது. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அதற்குச் சுவர்தான். மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தெளிவான அக்ரிலிக் பெட்டிக்குள் சென்சாரை வைப்பவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். சென்சாரின் மேலிருக்கும் வெள்ளைக் குமிழ் அகச்சிவப்பை விடும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்ட லென்ஸ். பெட்டியில் துளையிட்டு அந்தக் குமிழ் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும்.

நிரலில் பார்க்க வேண்டியது ஒன்றே: எந்தப் பின்னை (இணைப்பு முனையை) படிக்கிறீர்கள்? பி0, பி1, பி2 ஆகிய வளையங்கள் பாதுகாப்பானவை. பி3, பி4, பி6, பி7, பி10 ஆகியவை முகப்பு விளக்குத் திரையோடு பகிரப்பட்டவை. திரை இயங்கும்போது அங்கே படிக்கும் மதிப்புக்குப் பொருள் இல்லை. பி5, பி11 இரண்டும் ஏ, பி பொத்தான்களுக்குச் சொந்தம்.

யூஎஸ்பியில் இருக்கும்போது சரி, பேட்டரிக்கு மாற்றியதும் சென்சார் ஊமையாகிறது

இந்த அறிகுறிதான் அதிகம் ஏமாற்றும். மேசைமேல் கணினியோடு இணைத்து எல்லாம் சோதித்து, மனநிறைவோடு பேட்டரி மாட்டி வாசலில் கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் வராது. போர்டு இயங்குகிறது, திரை எரிகிறது, பொத்தானை அழுத்தினால் செய்தியும் மேசைக்கு வந்து சேர்கிறது. சென்சார் மட்டும் பேசாது. தூரம்தான் காரணம் என்று முடிவுகட்டி ரேடியோ திறனைக் கூட்டிக்கொண்டிருப்போம்.

எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். யூஎஸ்பியில் இருக்கும்போது 3வி வளையத்தில் ஏறக்குறைய 3.3 வோல்ட் கிடைக்கிறது. இரண்டு புதிய ஏஏஏ ஆல்கலைன் பேட்டரிகள் சேர்ந்து 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, பயன்படப் பயன்பட இறங்கிக்கொண்டே வரும். மைக்ரோபிட்டின் சில்லு 1.8 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். ஏஎம்312 சென்சாருக்கோ குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிகள் ஒன்றுக்கு 1.2 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 2.4. அதாவது முழுதாகச் சார்ஜ் ஏற்றி மாட்டிய சிறிது நேரத்திலேயே சென்சார் தன் வரம்புக்குக் கீழே இருக்கிறது, போர்டு மட்டும் ஆரோக்கியமாக இருக்கிறது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவிட்டேன். ஆல்கலைன் பேட்டரி மாட்டியதும் சரியாகிவிட்டதால், முதலில் பழைய பேட்டரிதான் கெட்டது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்துகொண்டிருந்தேன்.

மல்டிமீட்டர் இருந்தால், சென்சார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மின்சாரக் கால்களுக்கிடையே அளந்துவிடுங்கள். பேட்டரியைத் தனியே கழற்றி அளந்தால் சுமை இல்லாத அளவுதான் கிடைக்கும், அது எப்போதும் அழகாகவே இருக்கும். தீர்வு இரண்டு வகை: சென்சாருக்கு மட்டும் மூன்று ஆல்கலைன் பேட்டரிகள் கொண்ட தனிப்பெட்டி வைத்து, இரு ஜிஎன்டிகளையும் ஒன்றாக இணைப்பது ஒன்று. ஏஎம்312 12 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும், வெளியீட்டை 3 வோல்ட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளும் என்பதால் இது ஆபத்தில்லாதது. என்றாலும் முதல்முறை பி1-இல் மாட்டும் முன்பு வெளியீட்டை ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. மற்றொன்று, முழு அமைப்பையும் யூஎஸ்பி அடாப்டரில் ஓட்டுவது. பவர்பேங்கில் ஓட்ட முயன்றால் வேறொரு சிக்கல் வரும்; மைக்ரோபிட் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர்பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும்.

ஜிஎன்டியை இணைக்க மறந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனிப் பேட்டரி வைத்து வெளியீட்டு வயரை மட்டும் பி1-க்குக் கொண்டுபோனால், இரு பக்கத்துக்கும் பொதுவான அடித்தளம் இல்லாமல் போர்டு படிக்கும் மதிப்பு மனம்போனபடி மாறும்.

பெரிய வெள்ளைக் குமிழோடு, இரண்டு திருகு விசைகளும் கொண்ட ஹெச்சி-எஸ்ஆர்501 சென்சாரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அதற்குள் ஒரு மின்னழுத்தச் சீராக்கி இருக்கிறது, அதற்கு 4.5 அல்லது 5 வோல்ட்டாவது கொடுக்க வேண்டும். மைக்ரோபிட்டின் 3வி வளையத்திலிருந்து ஓட்டினால் சில நாள் வேலை செய்வதுபோல் தோன்றும். அதை நம்பிப் பிழை தேட இறங்கினால் முடிவே வராது.

ஆளே இல்லாதபோது எச்சரிக்கை வருகிறது

இதை இரண்டாகப் பிரியுங்கள். ஆளில்லாத நேரத்தில் அனுப்பும் போர்டின் நடுப்புள்ளி எரிகிறதா? எரிந்தால் சென்சார் உண்மையிலேயே எதையோ பார்க்கிறது, அல்லது பார்த்ததாக நினைக்கிறது. எரியாமலே மேசையில் ஒலி வந்தால், அது வேறு எவருடைய செய்தியோ. அதைப் பற்றிப் பின்னால்.

சென்சார் பார்க்கும் பரப்பில் நேரடி வெயில் விழுந்து மேகத்தால் மறைவது, வெயிலில் காய்ந்த திரைச்சீலை காற்றில் ஆடுவது, குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் படுவது, வீட்டு விலங்குகள் நடமாடுவது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். சென்சாரின் மேல் பாதியளவு கறுப்பு டேப்பை ஒட்டிப் பார்த்தால் எந்தத் திசையிலிருந்து தொல்லை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அதைவிடச் சுவையான காரணம், அமைப்பு தன்னைத்தானே தூண்டிக்கொள்வது. செய்தி அனுப்பும் கணத்தில் போர்டு அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. பலவீனமான பேட்டரியில் அந்தக் கணம் 3வி வளையத்தின் அழுத்தம் சற்றே தாழ்கிறது. மிக நுண்ணிய குறிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும் சென்சார் அந்தத் தாழ்வை அசைவென்று எடுத்துக்கொள்கிறது. உடனே இன்னொரு செய்தி போகிறது. ரேடியோ அலையே சென்சாரின் வயர்களில் ஏறி இதே விளைவைத் தருவதும் உண்டு. எச்சரிக்கைகள் சீரான இடைவெளியில், கடிகாரம் அடிப்பதுபோல வந்துகொண்டிருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் மனிதரோ பூனையோ அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. உறுதிசெய்ய, அனுப்பும் கட்டளையை மட்டும் நிரலில் நீக்கிவிட்டு நடுப்புள்ளியைக் கவனியுங்கள். புள்ளி அமைதியானால் காரணம் அனுப்புவதுதான். சென்சாரின் மின்சாரக் கால்களுக்கிடையே, அதை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் அளவிலான ஒரு மின்தேக்கியை முனை மாறாமல் இணையுங்கள். சென்சாரை ஒரு சாண் வயரில் போர்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அனுப்பியபின் சில நொடிகளுக்கு சென்சாரின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று நிரலிலும் சொல்லிவிடுங்கள்.

2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை மைக்ரோபிட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழுது உண்டு. அதில் ஒலிபெருக்கி போர்டிலேயே இருக்கிறது என்பதால், இசைக் கட்டளைகள் அதில் மட்டும் ஒலிக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் இயல்பு நிலையில் அதே குறி பி0 வளையத்திற்கும் போகிறது. அனுப்பும் போர்டில் ஒரு சிறு ‘பீப்’ ஒலியும் வைத்து, சென்சாரையும் பி0-இல் மாட்டியிருந்தால், ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னில் அசைவு தெரியும். சென்சாரை பி1-க்கு மாற்றினால் முடிந்தது. இந்த வழிமுறை முழுவதிலும் பி1 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அனுப்பும் போர்டு அனுப்புகிறது, பெறும் போர்டின் மூலைப்புள்ளி மாறவே இல்லை

இப்போதுதான் ரேடியோவைத் தொட வேண்டும். இரு போர்டுகளையும் ஒரு மீட்டர் இடைவெளியில் மேசைமேல் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தூரம் என்ற கேள்வி அத்தோடு நீங்கிவிடும். ஒட்டி வைக்கத் தேவையில்லை.

மேக்கோடில் எழுதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழு எண். ரேடியோ குழு 0 முதல் 255 வரை ஏதேனும் ஒன்றாக இருக்கலாம்; நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் மேக்கோட் நிரலை வைத்துத் தானாகவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஒரே நிரலை இரு போர்டுகளிலும் ஏற்றினால் எண் ஒன்றாகவே அமைந்து அவை பேசிக்கொள்ளும். அனுப்புவதற்கு ஒரு நிரல், பெறுவதற்கு ஒரு நிரல் என்று பிரித்து எழுதிய கணத்தில் எண்கள் வேறாகி, இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. கணினித் திரையில் போர்டுபோலவே நடித்துக் காட்டும் சிமுலேட்டர் இந்தத் தவற்றை மறைத்துவிடும் என்பதுதான் வேடிக்கை. அது காட்டும் இரண்டாவது போர்டிலும் அதே நிரல்தான் ஓடுகிறது, ஆகவே அங்கே எல்லாம் சரியாகவே நடக்கும். இரு நிரல்களின் தொடக்கத்திலும் குழு எண்ணை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அலைவரிசையை ஒன்றில் மாற்றியிருந்தால் மற்றதிலும் மாற்ற வேண்டும்.

மைக்ரோபைத்தானில் குழு இயல்பாகவே 0 என்பதால் அந்தச் சிக்கல் எழாது. அங்கே மறந்துபோவது ரேடியோவை இயக்கிவைக்கும் கட்டளை. அதை எழுதாமல் அனுப்ப முயன்றால் போர்டு பிழைச் செய்தியைத் திரையில் ஓடவிட்டு நின்றுவிடும். அதை வாசிக்கும் பொறுமை இருந்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

ஒரு போர்டில் மேக்கோட், மற்றதில் மைக்ரோபைத்தான் என்று கலந்திருந்தால், குழுவும் அலைவரிசையும் ஒத்துப்போனாலும் செய்தியின் உள்ளமைப்பு வேறு. மேக்கோட் தன் செய்திக்கு முன்னால் வேறு தலைப்புத் தகவல்களைச் சேர்க்கிறது; மைக்ரோபைத்தான் அதைச் சொல்லாகப் படிக்க முயன்று, இது சொல் அல்ல என்று பிழை காட்டும். பைட்டுகளாக வாங்கிப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் பிழை தேடும் நேரத்தில் அந்த வேலையில் இறங்க வேண்டாம்; இரண்டையும் ஒரே மொழிக்கு மாற்றிவிடுவதே என் பரிந்துரை. முதல் தலைமுறை போர்டும் இரண்டாம் தலைமுறை போர்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் தடையில்லை.

மேக்கோடில் புளூடூத் நீட்சியைச் சேர்த்தால் ரேடியோ பிளாக்குகள் நீங்கிவிடும். ஒரு நிரலில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

மூலைப்புள்ளி மாறுகிறது, எச்சரிக்கை மட்டும் ஒலிக்கவில்லை

செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கையாளும் விதத்தில் தவறு. மைக்ரோபைத்தானில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது: பெறும் கட்டளையை நிபந்தனைக்குள்ளேயே எழுதுவது. ‘பெற்ற செய்தி அசைவு என்றால் ஒலியெழுப்பு, இல்லாவிட்டால் பெற்ற செய்தி நலம் என்றால் புள்ளி காட்டு’ என்று இரண்டு இடத்தில் பெறும் கட்டளையை அழைத்தால், முதல் அழைப்பு வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துவிடுகிறது. அது ‘நலம்’ (போர்டு உயிரோடிருப்பதைச் சொல்லும் செய்தி, அதைப் பற்றிப் பின்னால்) என்றால் முதல் நிபந்தனை பொருந்தாது, இரண்டாவது அழைப்பு அடுத்த செய்தியை எடுக்கிறது அல்லது ஒன்றுமில்லை என்று திரும்புகிறது. வந்த செய்தியை எவரும் முழுதாகப் பார்க்கவே இல்லை. விளைவு மிகவும் குழப்பமாக இருக்கும்: சில எச்சரிக்கைகள் ஒலிக்கும், சில ஒலிக்காது, தூரம்தான் காரணம் என்றே தோன்றும். சுழற்சியின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பெற்று ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் அந்த மாறியோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று வகைப் பொருத்தம். மைக்ரோபைத்தானில் வருவது எப்போதும் எழுத்துத் தொடர். 1 என்ற எண்ணோடு அதை ஒப்பிட்டால் ஒருநாளும் சமமாகாது. மேக்கோடில் எண், சொல், பெயரோடு கூடிய மதிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பெறும் பிளாக்குகள் உள்ளன. எண்ணாக அனுப்பியது சொல்லுக்கான பிளாக்கில் வந்து நிற்காது. அங்கே சொல்லாக அனுப்பினால் 19 எழுத்துக்கு மேல் வெட்டுப்படும் என்பதால், ஒப்பிடும் சொல் நீளமாக இருந்தால் கடைசி எழுத்துகள் காணாமல்போய்ப் பொருத்தம் தவறும். எண்ணாகவே அனுப்புங்கள்: அசைவுக்கு 1, நலத்துக்கு 2.

மூன்றாவது காரணம், நான் முன்பே சொன்ன ஓடும் எழுத்துகள். ஆறெழுத்துச் சொல் ஒன்றைத் திரையில் ஓடவிட்டால் ஐந்தாறு நொடிகள் ஆகலாம்; சாதாரணமாக எழுதினால், மைக்ரோபைத்தானில் அது முடியும்வரை நிரல் அடுத்த வரிக்கு நகராது. அந்த நேரத்தில் வரும் செய்திகள் ஒரு வரிசையில் காத்திருக்கும், ஆனால் இயல்பு நிலையில் அந்த வரிசையில் மூன்றுக்குத்தான் இடம். நான்காவது வந்தால் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். ஒற்றைப் படமாகக் காட்டுங்கள், ஓடவிடுவதென்றால் காத்திராமல் பின்னணியில் ஓடும்படி சொல்லுங்கள்.

ஓர் அசைவுக்குப் பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள்

வயரில் அழுத்தம் உயர்ந்திருக்கும் வரை அனுப்பிக்கொண்டே இரு என்று நிரல் எழுதியிருப்பீர்கள். ஏஎம்312 ஓர் அசைவுக்கு ஏறக்குறைய இரண்டு நொடிகள் உயர்ந்தே நிற்கும். ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தால் இன்னும் நீளும். ஆகவே அனுப்ப வேண்டியது தாழ்ந்திருந்தது உயரும் கணத்தில் மட்டும். முந்தைய நிலையை ஒரு மாறியில் வைத்து, முன்பு 0, இப்போது 1 என்றால் மட்டும் அனுப்புங்கள். அதற்குமேல், கடைசியாக அனுப்பியதிலிருந்து பத்து நொடிகளாவது ஆகியிருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வையுங்கள்.

மேசையில் வேலை செய்கிறது, இடத்தில் மாட்டியதும் சில தவறுகின்றன

இந்த ரேடியோவில் ரசீது கிடையாது. அனுப்பும் போர்டு காற்றில் கூவிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எவராவது கேட்டார்களா என்று அது பார்ப்பதில்லை, மறுமுறை சொல்வதும் இல்லை. வைஃபையில் நமக்குத் தெரியாமலே நடக்கும் மறு அனுப்புதல்களுக்குப் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

முதலில் அளவு தெரிய வேண்டும். மேக்கோடில் பெற்ற செய்தியின் குறி வலிமையைக் கேட்டு வாங்கலாம். -42 என்பது மிக வலுவானது, -128 என்பது மிக நலிந்தது. அனுப்பும் போர்டை அதன் இடத்தில் வைத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பச் செய்து, பெறும் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எண் -90-ஐ ஒட்டி வந்தால் அந்த இடத்தில் செய்திகள் தவறத்தான் செய்யும். நடக்கும்போது போர்டுக்கும் வாசலுக்கும் நடுவில் உங்கள் உடல் வரும்படி திரும்பிப் பாருங்கள். எண் சட்டென்று இறங்குவது தெரியும், ஏனென்றால் நம் உடலிலுள்ள நீர் இந்த அலைகளை நன்றாகவே விழுங்குகிறது. போர்டின் மேல் விளிம்பை ஒட்டிப் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் ஆன்டெனாவின் மீது பேட்டரிப் பெட்டியை வைத்து ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாலும், எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து திறன். 0 முதல் 7 வரையுள்ள அளவில் இயல்பு நிலை 6; அதை 7 ஆக்கினால் திறன் 0-விலிருந்து 4 டெசிபல் மில்லிவாட்டுக்கு உயர்கிறது. அனுப்பும் போர்டில் மட்டும் மாற்றினால் போதும். தடையில்லாத வெட்டவெளியில் இந்த ரேடியோ 70 மீட்டர் வரை எட்டும் என்று சொல்லப்படுவதை, சுவர்கள் நிறைந்த வீட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

குறி வலுவாக இருந்தும் செய்திகள் தவறினால் நெரிசலைப் பார்க்க வேண்டும். மைக்ரோபிட்டின் அலைவரிசை எண் 0 முதல் 83 வரை. 2400 மெகாஹெர்ட்ஸோடு அந்த எண்ணைக் கூட்டினால் அதிர்வெண் கிடைக்கும். இயல்பு எண் 7, அதாவது 2407. வைஃபையின் முதல் சேனல் ஏறத்தாழ 2401-இலிருந்து 2423 வரை பரவியிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இயல்பு நிலையில் நம் போர்டுகள் வைஃபை முதல் சேனலின் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது விளங்கும். ஆறாம் சேனல் 2426 முதல் 2448 வரை, பதினொன்றாம் சேனல் 2451 முதல் 2473 வரை. இந்த மூன்று சேனல்களே அதிகம் புழங்குகின்றன என்பதால், 2473-க்கு மேலே உள்ள பகுதி ஒப்பளவில் அமைதியானது. எண்ணை 76 அல்லது 77 ஆக்கி இரு போர்டுகளிலும் பதியுங்கள். பக்கத்தில் எவரேனும் பெரிய கோப்பை இறக்கும்போது மட்டும் எச்சரிக்கை தவறுகிறது என்றால், வேறெதையும் செய்யும் முன்பு இதையே செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிரு செய்திகள் தவறும். ஆகவே ஒவ்வோர் எச்சரிக்கையையும் மூன்று முறை, நடுவில் 50 முதல் 150 மில்லிநொடி வரை ஒழுங்கற்ற இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் இருக்கட்டும், கடைசியாகக் கேட்ட எண்ணே மறுபடி வந்தால் பெறும் போர்டு அதை விட்டுவிடட்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘கடைசி எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதினால், அனுப்பும் போர்டின் பேட்டரியை மாற்றிய நாளில் அது மறுபடி 1-இலிருந்து எண்ணத் தொடங்கும். பெறும் போர்டு நேற்றைய 240-ஐ நினைவில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழைய செய்தியென்று ஒதுக்கும். பெரியதா என்று பார்க்காமல், வேறானதா என்று மட்டும் பாருங்கள். தொடக்க எண்ணையும் ஒரு தற்செயல் எண்ணாக வையுங்கள்.

வேறு எவருடைய எச்சரிக்கையோ நம் மேசையில் ஒலிக்கிறது

ஒரே குழு எண்ணும் ஒரே அலைவரிசையும் உள்ள எல்லா போர்டுகளும் எல்லாவற்றையும் கேட்கும். இங்கே இணைசேர்ப்பும் இல்லை, மறையாக்கமும் இல்லை. வகுப்பறையில் பத்துப் பேர் ஒரே பயிற்சியைச் செய்தால் பத்து வாசலும் ஒரே மணியை அடிக்கும். குழு எண்ணை மாற்றுங்கள், செய்தியின் முன்னால் உங்களுக்கே உரிய ஓர் எண்ணையும் சேர்த்துச் சரிபாருங்கள். இது குழப்பத்தைத் தவிர்க்க உதவுமே தவிரப் பாதுகாப்பு ஆகாது. திருட்டைத் தடுக்கும் வேலைக்கு இந்த அமைப்பை நம்பக் கூடாது.

திரையில் சோகமுகமும் எண்ணும் தோன்றுகின்றன

020 என்றால் நினைவகம் தீர்ந்துவிட்டது. முதல் தலைமுறை போர்டில் 16 கிலோபைட் மட்டுமே இருக்கிறது, இரண்டாவதில் 128. பெரிய பட்டியல்களையும் படங்களையும் குறையுங்கள்.

நாள்கணக்கில் ஒன்றும் வரவில்லை. அமைதியா, பழுதா என்று தெரியவில்லை

ஆள் வராததால் வந்த மௌனமும் பேட்டரி தீர்ந்ததால் வந்த மௌனமும் மேசையில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் போர்டு ‘நலம்’ என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மூன்று நிமிடங்களுக்கு அது வராவிட்டால் பெறும் போர்டு திரையில் பெருக்கல் குறி காட்ட வேண்டும். ஒன்றிரண்டு தவறுவது இயல்பு என்பதால் உடனே கூக்குரல் இடாமல் மூன்று வரை பொறுக்கிறோம். இதற்காக நிரலை அறுபது நொடி உறங்க வைக்காதீர்கள். உறங்கும்போது சென்சாரையும் படிக்காது. போர்டு இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தைச் சுழற்சிதோறும் பார்த்து, கடைசி ‘நலம்’ எப்போது போனது என்பதோடு கழித்துக்கொள்ளுங்கள்.

பெறும் போர்டைப் பேட்டரியில் வைத்திருப்பவர்கள் பெருக்கல் குறியை அடிக்கடி காண்பார்கள், அல்லது வெறும் இருட்டையே காண்பார்கள். எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கும் ரேடியோ பத்து மில்லியாம்பியரை ஒட்டியோ அதற்கு மேலோ தொடர்ந்து இழுக்கிறது. இரண்டு ஏஏஏ பேட்டரிகள் சில நாள்களுக்கு மேல் தாங்கா. அதற்கு யூஎஸ்பி அடாப்டர்தான் சரி.

‘நலம்’ செய்தியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. போர்டு 1.8 வோல்ட் வரை உயிரோடிருக்கும், சென்சார் 2.7-இலேயே நின்றுவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள அந்தக் காலம் முழுவதும் ‘நலம்’ தவறாமல் வந்துகொண்டிருக்கும், வாசலை மட்டும் எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே ‘நலம்’ என்பதோடு, இயங்கத் தொடங்கியதிலிருந்து சென்சார் எத்தனை முறை உயர்ந்தது என்ற எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பி, பெறும் போர்டில் ஏ பொத்தானை அழுத்தினால் அது தெரியும்படி செய்யுங்கள். காலையில் வெளியே போய்த் திரும்பியபின் அந்த எண் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியதுதான்.